பட்டதாரிகள் விண்ணப்பிக்க வேண்டாம்

பொருளியல் படித்தவனுக்கு என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று என்னைக் கேட்காத ஆள் சண்டிலிப்பாயில் ஒருவரும் மிச்சமில்லை. டொக்டருக்குப் படித்தவனிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. எஞ்சினியரிடமும் கேட்பதில்லை. என்னிடம் மட்டும் பஸ் தரிப்பிடத்தில் கேட்டார்கள், கோயில் வீதியில் கேட்டார்கள், செத்த வீட்டில் பாடை கட்டிக்கொண்டிருந்த இடத்திலும் கேட்டார்கள். முதல் வருடம் கொஞ்சம் கெப்பராகவே பதில் சொன்னேன். மத்திய வங்கி, திட்டமிடல் அமைச்சு, பல்கலைக்கழக விரிவுரையாளர், ஒன்றும் சரிவராவிட்டால் ஏதாவது வங்கியில் அதிகாரி. இரண்டாம் வருடம் அந்தப் பட்டியலில் பாதி கழன்று போனது. மூன்றாம் வருடம் "பாப்பம்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன்.

நான் கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனது அறுபத்தேழில். பொருளியல் சிறப்புப் பட்டம், இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவு. பெறுபேறு பிந்தி வந்தது, எழுபத்திரண்டில். எங்கள் ஒழுங்கையில் அதுவரை யாரும் பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை. ஆகவே நான் பட்டத்தோடு வந்து இறங்கிய அன்று சனசமூக நிலையத்தார் அளவெட்டியில் இருந்து ஒரு நாதஸ்வரக் கோஷ்டியைப் பிடித்து, சந்தியில் இருந்து வீடுவரைக்கும் என்னை ஊர்வலமாகக் கொண்டு போனார்கள். நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். என் தகப்பனார் தம்பிஐயா, புகையிலையும் வெங்காயமும் போடுகிற கமக்காரர், ஐந்தாம் வகுப்போடு நின்றவர், அன்றைக்கு மட்டும் தோளில் சால்வையை எப்படிப் போடுவது என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டபடி எனக்கு முன்னால் நடந்தார்.

பிறகு நேர்முகப் பரீட்சைகள். யாழ்ப்பாணத்தில் ரயில் ஏறிக் கொழும்புக்குப் போவதும், அதே சேட்டைத் தோய்த்து மடித்துக்கொண்டு திரும்பி வருவதுமாக மூன்று வருடம் போயிற்று. நாலு இடத்துக்கு முன்னூறு பேர் வந்திருப்பார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலக் கேள்வி, நிரம்பல், விலை நெகிழ்ச்சி எல்லாம் கரைத்துக் குடித்தவர்கள். நிரம்பல் கூடினால் விலை விழும் என்று புத்தகத்தில் படித்த கூட்டம், தானே சந்தையில் குவிந்து கிடந்தது. ஒரு கந்தோரில் என்னிடம் பணவீக்கத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உம்மடை எம்.பி.யிடம் கடிதம் கொண்டு வந்தீரா என்று மட்டும் கேட்டார்கள். இல்லை என்றேன். போகலாம் என்றார்கள்.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஐயாவோடு தோட்டத்தில் இறங்கினேன். அவர் மிசின் போட்டு இறைப்பார். நான் மண்வெட்டியோடு நின்று வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணி மாறுவேன். மறைமுக வேலையின்மை என்று ஒரு பாடம் உண்டு. ஒருவன் வயலில் நிற்பான், வேலை செய்வது போலவும் இருக்கும், ஆனால் அவனை எடுத்துவிட்டாலும் விளைச்சல் ஒரு மணி குறையாது. சோதனையில் அதற்கு நான் நல்ல புள்ளி வாங்கியிருந்தேன். இப்போது காலில் சேறு பூசிக்கொண்டு அந்தப் பாடத்துக்கு உதாரணமாக நின்றேன். களைப்பு என்றால் உடம்புக் களைப்பு இல்லை. காலையில் கண் விழிக்கும்போதே வருகிற களைப்பு அது. ஏன் எழும்புகிறேன் என்று எனக்கே தெரியாது.

எழுபத்தைந்தாம் ஆண்டு தொடக்கத்தில் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கண்டேன். ஒரு கூட்டுத்தாபனம், அதன் பெயர் இங்கே வேண்டாம். சாவகச்சேரியில் இருந்த அவர்களின் நெல் களஞ்சியத்துக்கு உதவி ஸ்ரோர் கீப்பர் தேவை. க.பொ.த. சாதாரண தரம், பழைய ஆட்கள் சொல்லும் எஸ்.எஸ்.சி., சித்தியடைந்திருந்தால் போதும். கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: பட்டதாரிகள் விண்ணப்பிக்க வேண்டாம். முன்பு எடுத்த பட்டதாரிகள் வேலையைப் பழகிய கையோடு ஆசிரியர் நியமனம் கிடைத்துப் போய்விட்டார்களாம். நாய் பேய் வரவேண்டாம் என்று எழுதியதைப் போல எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அந்தத் தாளைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் மானிப்பாய் தபால் கந்தோருக்குச் சைக்கிளில் போய், அங்கே நின்றபடியே விண்ணப்பத்தை எழுதினேன். கல்வித் தகைமை: சாதாரண தரம். அதன்பின் செய்த தொழில்: விவசாயம். என்னுடைய நாலு வருடப் பல்கலைக்கழகத்தை அந்த 'விவசாயம்' விழுங்கிவிட்டது.

நேர்முகத்தில் நெல்லில் ஈரம் எப்படிப் பார்ப்பது என்று கேட்டார்கள். பல்லால் கடித்துப் பார்க்கிறது என்றேன். எடுத்துவிட்டார்கள்.

வீட்டில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் நான் செய்த பிழை, பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் வேர். கடிதம் வந்த அன்று ஐயா வேலியோரமாக நின்று கிடுகு கட்டிக்கொண்டிருந்தார்.

"வேலை கிடைச்சிட்டுது ஐயா. கோப்பரேசனிலை," என்றேன்.

அவர் கையில் இருந்த நாரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஒப்பிசரோ?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அப்பிடித்தான்," என்றேன். பிறகு, "இப்ப ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம். ஆறு மாதம் போய் நிரந்தரமாக்கின பிறகு சொல்லலாம்," என்றேன். அவர் ஓம் ஓம் என்றார். அம்மா அடுப்படியில் இருந்து ஓடிவந்து என் தலையைத் தடவினாள். எனக்கு இருபத்தொன்பது வயது.

சண்டிலிப்பாயில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து சாவகச்சேரிக்கு இன்னொரு பஸ். இரண்டிலும் நின்றபடிதான் போகவேண்டும். போய்ச் சேரும்போதே சேட்டு முதுகில் ஒட்டிவிடும். ஆனாலும் சொல்கிறேன், அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. சாக்குகளை எண்ணி அடுக்குவிப்பது, குத்தூசியைச் சாக்கில் குத்தி நெல்லை உள்ளங்கையில் எடுத்துப் பார்ப்பது, எலி வெட்டிய மூட்டையைப் பிரித்து மாற்றிக் கட்டுவிப்பது. மாலையில் ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டும்போது ஒரு நாள் முடிந்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். மூன்று வருடமாக எனக்கு ஒரு நாளும் முடியாமல் இருந்தது.

எனக்கு மேலே இருந்தவர் தம்பிராசா, தலைமை ஸ்ரோர் கீப்பர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பத்து மணிக்குப் பிளேன்ரீயும் பத்திரிகையும் இல்லாவிட்டால் அவருக்குக் கை கால் ஓடாது. ஒருநாள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"தியாகலிங்கம், எங்கடை ஸ்ரோரிலை நெல்லு முகடு முட்டக் கிடக்கு. சந்தையிலை அரிசி விலை ஏறிக்கொண்டு போகுது. உது என்ன கூத்து?"

எனக்குத் தெரியும். உத்தரவாத விலை, ஒரு மாவட்டத்தில் இருந்து மற்றதுக்கு நெல் கொண்டுபோகத் தடை, பதுக்கல் என்று அரைமணித்தியாலம் நின்று விளக்க என்னால் முடியும். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆருக்குத் தெரியும் அண்ணை," என்றேன்.

"அதுதானே. உதெல்லாம் படிச்சவைக்குத்தான் விளங்கும்," என்று அவர் பிளேன்ரீயைக் குடித்தார்.

மற்றவர்கள் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிப் பிழைக்கிறார்கள். நான் மறுபக்கம் பிழைத்தேன். கணக்குப் புத்தகத்தில் கையெழுத்து அழகாக விழுந்துவிடாமல் கொஞ்சம் கிறுக்கினேன். ஆங்கிலச் சுற்றறிக்கை வந்தால் தம்பிராசா வாசித்துச் சொல்லும்வரை காத்திருந்தேன். இப்படி நாலு மாதம் போனது. இன்னும் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிரந்தரம்.

ஐந்தாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. தம்பிராசா வழமைபோலப் பத்திரிகையை விரித்தார். கொஞ்ச நேரம் ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு திரும்பவும் பத்திரிகையை.

"இதிலை இருக்கிறவர் உன்னை மாதிரிக் கிடக்கு," என்றார்.

கால் பக்கத்துக்கு ஒரு பெட்டி. நடுவில் என் படம், பட்டமளிப்பு அங்கியோடு. மேலே 'வாழ்த்துகிறோம்' என்று பூ வைத்த எழுத்து. சண்டிலிப்பாயைச் சேர்ந்த தம்பிஐயா, பூரணம் தம்பதிகளின் ஏக புதல்வனும் பேராதனைப் பல்கலைக்கழகப் பொருளியல் சிறப்புப் பட்டதாரியுமான தியாகலிங்கம் பி.ஏ. அவர்கள், இன்ன கூட்டுத்தாபனத்தில் உயர் அதிகாரியாகப் பதவியேற்றமையையிட்டு மனமார வாழ்த்துகிறோம். இங்ஙனம், சனசமூக நிலையத்தினர்.

ஊரில் ஒருவனுக்குச் சோதனை பாஸானாலும், உத்தியோகம் உயர்ந்தாலும், பிள்ளை லண்டனுக்குப் போனாலும் எங்கள் சனம் பத்திரிகையில் போடாமல் விடாது. போடாவிட்டால் அந்தச் சங்கதி நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். நாலு மாதமாக ஒருவரும் ஒன்றும் போடாமல் இருந்தது ஐயாவை எவ்வளவு அரித்திருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. சனசமூக நிலையச் செயலாளர் முத்துக்குமாரு அண்ணையைப் பிடித்து, என்னை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை அது.

தம்பிராசா பத்திரிகையை நாலாக மடித்து லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். "நான் இண்டைக்குப் பேப்பர் பாக்கேல்லை," என்றார். பிறகு, "ஆனால் மற்றவைக்குக் கண் குருடே?" என்றார்.

மற்றவர்களுக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பெட்டியை வெட்டி ஒட்டி, பெயர் போடாமல் ஒரு பெட்டிசம் எழுதிக் கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு அனுப்பிவிட்டான். இந்த வேலை கிடைக்காமல் போன யாராவதாக இருக்கலாம். அவனைப் பிழை சொல்லவும் எனக்குத் தெம்பில்லை. அவன் வீட்டிலும் யாராவது ஒருவர் காலையில் களைப்போடு எழும்பிக்கொண்டிருப்பார். இரண்டு கிழமையில் எனக்கு விசாரணைக் கடிதம் வந்தது.

யாழ்ப்பாணத்தில் பிராந்தியக் கந்தோர். உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த முகாமையாளர் பெயர் செல்வரட்ணம். கண்டவுடனே தெரிந்துவிட்டது. பேராதனையில் எனக்கு இரண்டு வருடம் மேலே, அதே பொருளியல். அந்தக் காலத்தில் கன்ரீனில் இருந்து ஐந்தாண்டுத் திட்டங்களைப் பற்றி மேசையில் அடித்து அடித்துக் கதைப்பார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம். மத்திய வங்கிக்கு யாராவது போவதென்றால் இவர்தான் போவார் என்று எல்லோரும் சொன்னார்கள். இப்போது அவருடைய மேசையில் வெறுஞ்சாக்கு வரவுச் சிட்டைகள் குவிந்து கிடந்தன. தலையும் பாதி நரைத்திருந்தது.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார். பெட்டிசத்தை என் பக்கம் தள்ளினார்.

"இதிலை இருக்கிறது நீரோ?"

"ஓம் சேர்."

"ஓம் எண்டு சொல்லாதையும்," என்றார் அவர், அலுப்போடு. "ஓம் எண்டால் பொய் விண்ணப்பம். இண்டைக்கே வீட்டை போகவேணும். அதோடை அரசாங்க வேலை ஒண்டுக்கும் இனி எழுதேலாது. நல்லா யோசிச்சுச் சொல்லும். நீர் பேராதனையிலை படிக்கேல்லை. நான் அங்கை நாலு வருசம் இருந்தனான். உம்மை நான் ஒருநாளும் காணேல்லை."

நான் பெட்டிசத்தில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன்.

"படத்திலை அங்கி போட்டிருக்குச் சேர்," என்றேன், பைத்தியக்காரன் மாதிரி.

"அங்கி எந்த ஸ்ரூடியோவிலையும் இரவல் எடுக்கலாம். தகப்பன் ஊருக்குப் பெருமை காட்டப் பொய் போட்டிட்டார். உதுகள் எங்கடை ஆக்களிட்டை நடக்கிறதுதானே. அப்பிடி எழுதித் தாரும், நான் இந்த விசாரணைக் கோவையை மூடிறன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனால் உம்மடை கடிதம் மட்டும் காணாது. போட்டது தகப்பன். அவரின்ரை சத்தியக் கடதாசி ஒண்டு வேணும், சமாதான நீதவானுக்கு முன்னாலை வைச்சது. இல்லாட்டிக் கொழும்பிலை விடமாட்டாங்கள்."

நன்றி சொல்லிவிட்டு எழும்பினேன். வாசலுக்கு வரும்போது அவர் பின்னால் இருந்து, "இரண்டாம் வகுப்போ?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் திரும்பவும் சாக்குச் சிட்டைகளைப் பார்க்கத் தொடங்கினார்.

வரும் வழி முழுக்க ஐயாவோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் என்று சொன்னேனே, கேட்டாரா, பத்திரிகையில் அடிக்காமல் உயிர் போயிருக்குமா என்று. பஸ்ஸில் பக்கத்தில் நின்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், வாய்விட்டே பேசியிருக்கிறேன். ஆனால் வீட்டுப் படலையைத் திறந்தபோது அந்தக் கோபம் எங்கே போனதோ தெரியாது. ஒப்பிசரோ என்று அவர் கேட்டபோது அப்படித்தான் என்றவன் நான்தான்.

ஐயா முற்றத்தில் இருந்து வெங்காயம் பிடிபிடியாக எடுத்து முடிச்சுக் கட்டிக்கொண்டிருந்தார். நான் முன்னால் குந்தி இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். விளம்பரத்தில் இருந்த வரியைச் சொன்னேன். நான் எழுதியதைச் சொன்னேன். பெட்டிசம், விசாரணை, சத்தியக் கடதாசி.

"அப்ப நீ ஒப்பிசர் இல்லையோ?"

"இல்லை ஐயா. உதவி ஸ்ரோர் கீப்பர்."

"பட்டம் எண்டு எழுதினால் எடுக்காயினமோ?"

"எடுக்காயினம்."

அவர் கையில் இருந்த முடிச்சை இறுக்கினார். இன்னொரு பிடியை எடுத்தார். அதையும் கட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எத்தினை மணிக்குப் போகவேணும்?" என்றார்.

மறுநாள் ஐயா முழுகி, திருநீறு பூசி, கோயிலுக்குப் போகிற வேட்டியைக் கட்டிக்கொண்டு சைக்கிளின் பின்னால் ஏறினார். மானிப்பாயில் இருந்த சமாதான நீதவானுக்கு எங்களைத் தெரியாது. தட்டெழுத்தில் அடித்த தாளை அவர் உரத்து வாசித்தார். மேற்படி என் மகன் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்துப் பட்டம் பெற்றவன் அல்லன் என்றும், பத்திரிகையில் வெளிவந்தது ஊரில் பெருமை தேடும் நோக்குடன் என்னால் கொடுக்கப்பட்ட பொய்யான தகவல் என்றும் இத்தால் சத்தியம் செய்து கூறுகிறேன். ஐயா கைகட்டிக்கொண்டு கேட்டார்.

"விளங்கித்தானே சொல்லுறியள்?"

"ஓம்," என்றார் ஐயா. பெயரை எழுத்து எழுத்தாக எழுதிக் கையெழுத்து வைத்தார்.

வீட்டுக்கு வந்தவர் நேரே கிணற்றடிக்குப் போய், செத்த வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி உடுத்த வேட்டியோடு தலையில் தண்ணி அள்ளி ஊற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அம்மாவுக்கு இரவே சொல்லியிருந்தோம். அவள் தாங்க மாட்டாமல், "கோயில் குளம் எண்டு திரியிற மனிசன், பொய்ச் சத்தியம் பண்ணிப்போட்டு வந்து நிக்கிறியளே," என்றாள்.

"பண்ணியாச்சு," என்றார் ஐயா, தலையைத் துவட்டியபடி. "இனி அதைப் பொய்யாக்கக் கூடாது."

அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விளங்கியது.

முத்துக்குமாரு அண்ணை வந்தார். சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா வருகிறதாம். பரிசளிப்புக்குத் தலைமை தாங்க வெளியில் ஆள் தேடத் தேவையில்லை, எங்கடை பட்டதாரியே இருக்கிறார், தியாகலிங்கத்தைத்தான் கேட்க வந்தேன் என்றார். நான் கதிரையில் இருந்தேன். வாய் திறக்க முதல் ஐயா பேசினார்.

"அவன் பட்டதாரி இல்லை, முத்துக்குமாரு."

முத்துக்குமாரு அண்ணை சிரித்தார். "என்ன தம்பிஐயா அண்ணை, பகிடியோ?"

"பகிடி இல்லை. எஸ்.எஸ்.சி. வரைக்கும்தான் படிச்சவன். பேப்பரிலை போட்டது நான் சொன்ன பொய். உன்னையும் பொய்யனாக்கிப் போட்டன். கோவியாதை."

"அப்ப கண்டியிலை நாலு வருசம்?"

"அங்கை ஒரு கடையிலை நிண்டவன்."

நான் எழும்பினேன். ஐயா என் பக்கம் திரும்பவில்லை. முத்துக்குமாரு அண்ணையின் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கிப் போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் நம்பாமல் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னுடைய மூன்று வருடமும், சேறு பூசிய காலும், மண்வெட்டியும் எல்லாம் அவர் கண்ணில் வந்து போயிருக்க வேண்டும். பிறகு நம்பினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நிமிடம்கூடச் செல்லவில்லை, நம்பிவிட்டார்.

"மேளம் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தனாங்களே அண்ணை," என்றார் கடைசியில். அழுகிற குரல்தான். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"ஐயா," என்றேன், "கந்தோருக்குத்தானே அந்தக் கடதாசி. ஊருக்கு ஏன்?"

"சத்தியம் பண்ணினால் கந்தோருக்கு ஒண்டு ஊருக்கு ஒண்டே? நாளைக்கு ஆரும் பெட்டிசக்காரன் வந்து ஊரிலை விசாரிச்சால்?" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "நான் பெருமைக்காரன் எண்டு சொல்லட்டும். அதாலை ஒண்டும் கெட்டுப்போகாது. நீ வேலைக்குப் போ," என்றார்.

ஒரு கிழமைக்குள் ஊர் முழுக்கப் பரவியது. எங்கள் ஊருக்கு அது இலகுவில் நம்பக்கூடிய கதையாக இருந்தது. உண்மையாகவே பட்டம் எடுத்தவன் மூன்று வருடம் வெங்காயத்துக்குத் தண்ணி மாறுவானா? அப்பவே எனக்குச் சந்தேகம் என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். ஐயாவை மறித்து நக்கலாக, "என்ன, உங்கடை பி.ஏ. சுகமோ?" என்று கேட்டார்கள். அவர் ஓம் சுகம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார். கோயிலில் முன்வரிசையில் நிற்கிறவர் பின்னால் தூண் பக்கம் ஒதுங்கி நின்றார். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பொருளியல் படித்தவனுக்கு என்ன உத்தியோகம் கிடைக்கும் என்ற கேள்வியில் இருந்து எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது.

ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் பெட்டியில் இருந்த பட்டச் சான்றிதழை எடுத்துக்கொண்டு முத்துக்குமாரு அண்ணை வீட்டுக்குப் புறப்பட்டேன். படலைவரைக்கும் போனேன். நான் அதைக் காட்டினால், மானிப்பாயில் கைகட்டி நின்று ஓம் என்று சொன்ன மனிதன் கடவுளுக்கு முன்னால் பொய்யனாகிவிடுவார். காட்டாவிட்டால் ஊருக்கு முன்னால் பொய்யன். அவர் எதைத் தெரிந்தெடுத்தார் என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்து சான்றிதழைப் பெட்டியில் வைத்தேன்.

செப்ரெம்பர் கடைசியில் கடிதம் வந்தது. தகுதிகாண் காலம் முடிந்துவிட்டது, நியமனம் நிரந்தரமாக்கப்படுகிறது, கீழே செல்வரட்ணத்தின் கையெழுத்து. வேலையால் வந்த களைப்போடு அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஐயா தோட்டத்தால் வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். நீட்டினேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"நிரந்தரமோ?"

"ஓம் ஐயா."

அவர் முகம் மலர்ந்தது. மாதக் கணக்காக நான் காணாத மலர்ச்சி. "நல்லது மேனை," என்றார். "எஸ்.எஸ்.சி. படிச்ச பிள்ளைக்கு உது பெரிய உத்தியோகம்தான்."

பகிடிக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மனதார, உள்ளம் குளிர்ந்துதான் சொன்னார். கடிதத்தை மடித்து என் கையில் தந்துவிட்டு அம்மாவைக் கூப்பிட உள்ளே போனார். நான் கிணற்றுக் கட்டில் குந்தி இருந்து வாய்விட்டு அழுதேன். அம்மா வந்து சாப்பிடக் கூப்பிட்ட பிறகுதான் எழும்பினேன்.